மோட்டார் நின்ற பிறகு: சத்தம் போடாத ராக் குழு வீட்டிலேயே ஆல்பம் பதிவு செய்வது எப்படி

சத்தமாக வாசிக்கும் ராக் குழுவுக்கு வீட்டு ரெக்கார்டிங் அவ்வளவு கஷ்டமில்லை. டிரம்ஸும் டிஸ்டார்ஷன் கிதாரும் சேர்ந்து இறங்கும்போது ஃபேன் சத்தமோ தெருவில் போகிற வண்டியோ யார் காதிலும் விழாது. மெதுவாக வாசிக்கிறவர்களுக்குத்தான் சோதனை. கிதாரில் ஒரே ஒரு கம்பியைத் தொட்டுவிட்டு அது தேய்ந்து அடங்கும் வரை காத்திருக்கிற பாட்டு என்று வையுங்கள். அந்த நாலு விநாடிக்குள் உங்கள் வீடு மொத்தமும் பாட்டுக்குள் வந்துவிடும்: பல்லி, ஃபிரிட்ஜ், இன்வெர்ட்டர், கொல்லைக்குப் பின்னால் ஓடும் வயல் மோட்டார்.

நாங்கள் நாலு பேர். பாபநாசத்துக்கும் கும்பகோணத்துக்கும் நடுவில் ஒரு கிராமத்தில், என் தாத்தா கட்டிய ஓட்டு வீட்டில் எட்டுப் பாட்டு பதிவு செய்தோம். ஒன்றரை வருஷம் ஆனது. முதல் ஆறு மாதம் பதிவு செய்ததில் ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் தூக்கிப் போட வேண்டியிருந்தது. மைக் மட்டம் என்றுதான் முதலில் நினைத்தோம். மைக்கில் ஒரு குறையும் இல்லை. வீட்டைக் காதால் தெரிந்துகொள்வதற்கு முன்பே மைக்கை நிறுத்தியதுதான் தப்பு. அதனால் இந்த வழிகாட்டியும் அதே வரிசையில் போகிறது. முதலில் வீடு, நேரம், கரண்ட். சாமான் வாங்குவது அப்புறம்தான்.

ராக் என்றாலே சத்தம்தானே, இதென்ன முணுமுணுப்பு என்று கேட்பார்கள். எங்களையும் கேட்டார்கள். மெதுவாக வாசித்து, கேட்கிறவர்களைக் கிட்டே வரவைப்பது இந்த மண்ணுக்குப் புதிதில்லை. வீணை தனம்மாள் (1867–1938) சென்னை ஜார்ஜ் டவுன் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் சின்னக் கூட்டத்துக்கு வாசிப்பார். அவருடைய குடும்பத்தின் வேர் தஞ்சாவூர் அரண்மனையில் இருந்தது. மைக் இல்லாத வீணையை ஒரு வீட்டு அறையில் கேட்க வேண்டுமானால், கேட்கிறவர்கள் எல்லாரும் அடங்கி உட்கார வேண்டும். நமக்கும் அதே நிபந்தனைதான்.

முதல் வேலை: வீட்டைக் கேட்பது

ஒரு வாரம் கிதாரைத் தொடாதீர்கள். பதிவு செய்யப்போகும் அறையில் போனை வைத்து, ஏரோபிளேன் மோடில் போட்டு, காலை ஐந்து மணிக்கு ஒருமுறை, மத்தியானம் ஒருமுறை, ராத்திரி ஒன்பதுக்கு, பன்னிரண்டுக்கு என்று அரை அரை மணி நேரம் பதிவு செய்யுங்கள். மறுநாள் ஹெட்போனில் சத்தத்தை ஏற்றிவைத்துக் கேட்டு, என்னென்ன கேட்கிறது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். எங்கள் நோட்டின் முதல் பக்கத்தில் இருபத்தி மூன்று சத்தங்கள் இருந்தன. அதில் பாதி எங்கள் வீட்டுக்குள்ளேயே இருந்தவை. சுவாமி மாடத்தில் எரிந்த சின்ன எல்.இ.டி. விளக்கு மெலிதாக ரீங்காரம் செய்கிறது என்பது அந்த வீட்டிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

வீட்டுக்குள் இருப்பதைச் சரிசெய்துவிடலாம். ஃபிரிட்ஜை ஒரு மணி நேரம் நிறுத்தலாம், ஆனால் திரும்பப் போட மறந்துவிடும். வண்டிச் சாவியை ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிட்டால் மறக்காமல் போடுவீர்கள். சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி வெளியே வைக்கலாம். வெளியே இருப்பதற்குத்தான் காலண்டர் பார்க்க வேண்டும்.

டெல்டாவில் சத்தத்துக்கும் பட்டம் உண்டு. ஜூன் 12 வாக்கில் மேட்டூர் திறந்து தண்ணீர் வந்துவிட்டால் உழவு டிராக்டர் ஆரம்பித்துவிடும். ஆடியில் அம்மன் கோயில் குழாய் ஸ்பீக்கர். புரட்டாசி, ஐப்பசியில் குறுவை அறுவடை. அதன் பிறகு மழை. ஓட்டுக் கூரையில் மழை விழும்போது பேசுவதே கேட்காது, மழை விட்டால் தவளைக் கச்சேரி. மார்கழியில் விடியக்காலை நாலரைக்கே திருப்பாவை. தையிலிருந்து சம்பா அறுவடை, மெஷின் ராத்திரியிலும் ஓடும். எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தால் எங்களுக்குக் கிடைத்தது மாசிக் கடைசியும் பங்குனியும். அறுத்த சம்பா வயலில் உளுந்தும் பயறும் தெளித்திருப்பார்கள். அது மண்ணில் மிச்சமிருக்கும் ஈரத்திலேயே வளரும், தண்ணீர் இறைக்க வேண்டியதில்லை. அதனால் மோட்டார் ஓயும். பம்புசெட் வைத்துக் கோடை நெல்லோ கரும்போ போடுகிற ஊராக இருந்தால் இந்தக் கணக்கு பொருந்தாது, உங்கள் ஊர் கணக்கை நீங்கள்தான் போட வேண்டும். ஊர்த் திருவிழாவுக்குக் காப்புக் கட்டும் தேதியையும் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நேரம் என்று பார்த்தால், ராத்திரி பதினொன்றிலிருந்து மூன்றரை வரை. நாலு மணிக்குப் பால் வண்டி வந்துவிடும்.

இதற்கு மேலும் ஒரு வழி இருக்கிறது, அதுதான் எல்லாவற்றிலும் பலன் தந்தது: போய்க் கேட்பது. எங்கள் கொல்லைக்குப் பின்னால் ஒருவர் வாழை போட்டிருக்கிறார். உறவுமுறையில் சித்தப்பா. பங்குனியிலும் அவர் மோட்டார் ஓடும். இரண்டு வாரம் தயங்கிவிட்டு ஒரு சாயங்காலம் வரப்பில் போய் நின்றேன்.

“சித்தப்பா, ராத்திரி பதினோரு மணிக்கு மேல மோட்டார நிறுத்திக்க முடியுமா? ஒரு பத்து நாளைக்கு.”

“எதுக்குடா?”

“பாட்டு ரெக்கார்டு பண்றோம். மோட்டார் சத்தமும் சேந்து பதிவாவுது.”

“இத அப்பவே சொல்லக் கூடாதா? பத்தரைக்கே நிறுத்திடுறேன். மீதிய விடியக்காலம் பாத்துக்கறேன்.”

பத்து நாளும் சரியாகப் பத்தரைக்கு நின்றது. நாங்கள் பிளக்-இன் (பதிவு மென்பொருளோடு சேர்க்கும் துணை மென்பொருள்) வாங்கச் செலவழித்த காசெல்லாம் செய்யாத வேலை அது.

இரண்டாவது: அறை

இங்கே எல்லாரும் குழப்பிக்கொள்ளும் ஒரு விஷயத்தை முதலில் பிரித்துவிடலாம். வெளிச்சத்தம் உள்ளே வராமல் தடுப்பது ஒன்று. உள்ளே எழும் சத்தம் சுவரில் மோதித் திரும்பாமல் உறிஞ்சுவது வேறொன்று. தடுப்பதற்கு கனமும் இடுக்கில்லாத அடைப்பும் வேண்டும். உறிஞ்சுவதற்கு பஞ்சு, துணி மாதிரி காற்று நுழையும் பொருள் தடிமனாக வேண்டும். முட்டை அட்டை இரண்டையும் செய்யாது. தயவுசெய்து ஒட்டாதீர்கள், கரையான்தான் வரும்.

அறை நடுவில் நின்று பலமாக ஒரு கைதட்டு தட்டுங்கள். ‘டிர்ர்’ என்று தகரம் அதிர்வதுபோல் திரும்பி வந்தால், எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவில் ஒலி பந்தாடுகிறது என்று பொருள். புது கான்கிரீட் வீடுகளில் டைல்ஸ் தரையும் வெறுஞ்சுவரும் சேர்ந்து இதை அதிகமாக்கும். பழைய ஓட்டு வீட்டில் கூரைச் சரிவும் சட்டங்களும் ஒலியைச் சிதறடித்துவிடுவதால் அறை கொஞ்சம் இனிமையாக இருக்கும். ஆனால் ஓட்டு இடுக்கு வழியாக ஊரே உள்ளே வரும். நாங்கள் கூடத்தை விட்டுவிட்டோம், முற்றம் திறந்து கிடக்கிறது. நெல் மூட்டை அடுக்கும் அறையைப் பிடித்தோம்.

அந்த அறை தானாகவே பாதி ஸ்டுடியோ. தெருப் பக்க சுவரை ஒட்டி 40 கிலோ சிப்பங்களை நெஞ்சு உயரத்துக்கு அடுக்கினோம். அந்தக் கனம் வெளிச்சத்தத்தை ஓரளவு தடுத்தது, மூட்டைகளின் மேடு பள்ளம் எதிரொலியையும் உடைத்தது. பாடுகிறவருக்குப் பின்னால் கயிறு கட்டி இரண்டு இலவம் பஞ்சு மெத்தைகளைத் தொங்கவிட்டோம். கார்டியாய்ட் மைக் முன்பக்கம்தான் நன்றாகக் கேட்கும், எனவே அது பார்க்கும் திசையில், அதாவது பாடுகிறவரின் முதுகுக்குப் பின்னால்தான் மெத்தை வேண்டும். புதிதாக வருகிறவர்கள் மைக்குக்குப் பின்னால் மட்டும் வைத்துவிட்டு ஏன் வித்தியாசமே இல்லை என்று கேட்பார்கள். தரையில் கோரைப்பாய், அதன் மேல் ஜமுக்காளம். வைக்கோல் நன்றாக உறிஞ்சும்தான், ஆனால் தூசியும் தீப் பயமும் இருப்பதால் வேண்டாம் என்று வைத்தோம்.

மெத்தையால் ஆகாதது ஒன்று உண்டு: அடித்தொனி. எங்கள் அறை நீளம் பதினொன்றரை அடி, ஏறக்குறைய மூன்றரை மீட்டர். ஒலி விநாடிக்கு சுமார் 343 மீட்டர் போகிறது. அறை நீளத்தை இரண்டால் பெருக்கி அதைக் கொண்டு 343ஐ வகுத்தால் 49 ஹெர்ட்ஸ் வருகிறது. பேஸ் கிதாரில் நாலாவது கம்பி, மூன்றாவது ஃப்ரெட், ஜி சுரம் சரியாக அதே 49 ஹெர்ட்ஸ். ஜி வாசிக்கும்போதெல்லாம் அறையே வீங்குவதுபோல் இருந்ததற்குக் காரணம் அதுதான், வாசித்தவர் மேல் தப்பில்லை. உங்கள் அறைக்கும் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஸ்பீக்கரில் கேட்டு பேஸை முடிவு செய்யும்போது இது தெரியாவிட்டால், ஆல்பம் முழுக்க அந்த ஒரு சுரத்தைத் தேவையில்லாமல் குறைத்துவிடுவீர்கள்.

மூன்றாவது: கரண்ட்

நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸில் வருவதால், எங்கே கோளாறு இருந்தாலும் அது 50லும் 100லும் ‘ம்ம்ம்’ என்று பதிவாகும். பக்கத்தில் மோட்டார்கள் ஒரே நேரத்தில் எழும்பும்போது விளக்கு மங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அதையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

இதற்கு நான் சொல்லும் வழி ஒன்றே ஒன்று: லேப்டாப்பை முழுக்க சார்ஜ் ஏற்றி, சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் பதிவு செய்யுங்கள். மைக்கை லேப்டாப்போடு இணைக்கும் பெட்டியான இன்டர்ஃபேஸ், யூ.எஸ்.பி.யிலேயே ஓடுவது என்றால் சுவரோடு எந்தத் தொடர்பும் இருக்காது. ஹம் பெரும்பாலும் போய்விடும், நடுப் பாட்டில் கரண்ட் போனாலும் கவலையில்லை. இரண்டு மணி நேரத்தில் பேட்டரி தீர்ந்தால் அதுவே தேநீர் இடைவேளை.

ஆம்ப் (கிதார் ஒலியைப் பெருக்கும் ஸ்பீக்கர் பெட்டி) வைத்து வாசிக்கும் எலக்ட்ரிக் கிதாருக்கு மட்டும் சுவர் மின்சாரம் தேவைப்படும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஹம் போகிறது என்று மூன்றாவது பின்னை ஒடித்துவிடுகிற பழக்கம் சிலரிடம் இருக்கிறது. உயிருக்கே ஆபத்து, ஒருபோதும் செய்யாதீர்கள். கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப்பில் ஒற்றைச் சுருள் மட்டும் உள்ள (சிங்கிள் காயில்) கிதார் என்றால், உட்கார்ந்த இடத்திலேயே மெதுவாக ஒரு சுற்று திரும்பிப் பாருங்கள். ஏதாவது ஒரு திசையில் ஹம் சட்டென்று அடங்கும். அந்தத் திசையைத் தரையில் சாக்பீஸால் குறித்து வையுங்கள். எலக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டரும் இன்வெர்ட்டரும் அந்த நேரம் அணைந்திருக்க வேண்டும்.

இப்போது சாமான்

இரண்டு மைக் சொருகுகிற ஒரு யூ.எஸ்.பி. இன்டர்ஃபேஸ். ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2 மாதிரியானது போதும். ஒரு டைனமிக் மைக், ஷூர் எஸ்.எம். 57 அல்லது அந்த வகை. ஒரு கண்டென்சர் மைக், அதற்கு இன்டர்ஃபேஸில் 48 வோல்ட் பட்டனைப் போட வேண்டும். காதை முழுக்க மூடும், பின்பக்கமும் மூடிய ஹெட்போன் இரண்டு. கேபிள், ஸ்டாண்டு. பதிவு செய்யும் மென்பொருளுக்கு நாங்கள் ரீப்பர் வைத்துக்கொண்டோம். 60 நாள் சும்மா பயன்படுத்திப் பார்க்கலாம், அதன் பிறகு தனிநபர் லைசென்ஸ் 60 டாலர். மேக் இருந்தால் கராஜ்பேண்ட் கூடவே வரும்.

இவ்வளவுதானா என்று சந்தேகம் வரும். 1979ல் வந்த டீயாக் போர்டாஸ்டுடியோ என்ற சாதாரண கேசட் பெட்டியில் நாலு டிராக்தான் (தனித்தனியாகப் பதிவாகும் தடம்) இருந்தது. அதில் நியூ ஜெர்சி வீட்டில் மாதிரிக்காகப் பதிவு செய்த பாட்டுகளைத்தான் அமெரிக்க ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982ல் நெப்ராஸ்கா ஆல்பமாக அப்படியே வெளியிட்டார். உங்கள் லேப்டாப்பில் டிராக்குக்குக் கணக்கே இல்லை.

லேப்டாப்பின் உள்விசிறியும் ஒரு சத்தம். அதைக் கதவுக்கு வெளியே ரேழியில் வைத்து, நீளமான மைக் கேபிளை மட்டும் உள்ளே இழுத்துக்கொள்ளுங்கள்.

பதிவு

செட்டிங்கில் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். இந்த அளவில் ஒரு டிராக் ஒரு நிமிஷத்துக்கு சுமார் 8.6 எம்.பி. பிடிக்கும். நாலு நிமிஷப் பாட்டு, பன்னிரண்டு டிராக் என்றால் 415 எம்.பி.க்குப் பக்கம், அதுவும் ஒரே டேக் (ஒருமுறை வாசித்துப் பதிவு செய்தது) வைத்துக்கொண்டால். எனவே தனியாக ஒரு ஹார்டு டிஸ்க் வேண்டும், தினமும் முடித்ததும் இரண்டாவது இடத்தில் ஒரு நகல் போட்டுவிட்டுத்தான் படுக்க வேண்டும். பஃபர் அளவை (லேப்டாப் ஒலியை எவ்வளவு சேர்த்துவைத்து அனுப்புகிறது என்பது) பதிவின்போது 128 வையுங்கள், ஹெட்போனில் தாமதம் தெரியாது. பிறகு டிராக்குகளைக் கலக்கும் மிக்ஸிங்கில் 1024க்கு ஏற்றிக்கொள்ளலாம்.

லெவல் வைப்பதில் மெதுவாக வாசிக்கிறவர்கள் எல்லாரும் ஒரே தப்பைச் செய்கிறோம். சத்தம் குறைவாகக் கேட்கிறதே என்று கெயினை (மைக் ஒலியைப் பெருக்கும் அளவை) ஏற்றிக்கொண்டே போவது. கெயினை ஏற்றினால் அறையின் சத்தமும் சேர்ந்துதான் ஏறும். மைக்கைக் கிட்டே கொண்டுபோங்கள். பாதித் தூரம் நெருங்கினால் குரல் ஏறக்குறைய 6 டெசிபெல் கூடும், அறை அப்படியே இருக்கும். அதிகபட்சச் சத்தம் மைனஸ் 12 டெசிபெல் வாக்கில் நின்றால் போதும். 24 பிட்டில் அதற்குக் கீழே இடம் தாராளமாக இருக்கிறது. காதுக்குப் போதாவிட்டால் ஹெட்போனை ஏற்றுங்கள்.

ஒவ்வொரு ராத்திரியும் ஆரம்பிக்கும் முன் யாரும் அசையாமல் வெறும் அறையை ஒரு நிமிஷம் பதிவு செய்து வையுங்கள். பிற்பாடு வெட்டி ஒட்டும்போது இடைவெளிகளை நிரப்ப அது வேண்டும். முழு நிசப்தத்தை ஒட்டினால் பாட்டில் ஓட்டை விழுந்ததுபோல் இருக்கும்.

முதலில் ஒரு கிதாரும் குரலும் மட்டும் வழிகாட்டி டிராக்காகப் பாடிவிடுங்கள். கிளிக் (தாளம் பிசகாமலிருக்க ஹெட்போனில் கேட்கும் ‘டிக் டிக்’) போட்டு வாசிப்பதானால் அதை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறையுங்கள், ஏனென்றால் ஹெட்போனிலிருந்து கசிந்து மைக்கில் விழும். பாட்டு முடிந்து கடைசி சுரம் அடங்கும் இடத்தில் கிளிக் தானாக நின்றுவிடும்படி வைக்க வேண்டும். அந்தக் கடைசி ஆறு விநாடியில் ‘டிக் டிக்’ என்று கேட்டால் அந்த டேக் போச்சு.

அகூஸ்டிக் கிதாருக்கு மைக்கை ஓட்டைக்கு நேரே வைக்காதீர்கள், வெறும் கும்கும் என்று வரும். கழுத்தும் உடம்பும் சேரும் இடத்தைப் பார்த்து, ஏழெட்டு அங்குலத்தில் வையுங்கள். வாசிக்கிறவர் சட்டையையும் கவனிக்க வேண்டும். எங்கள் கிதாரிஸ்ட் பாலியஸ்டர் சட்டையில் வாசித்த ஒரு டேக்கில், கை ஒவ்வொரு முறை இறங்கும்போதும் ‘சரக்’ என்று ஒரு தாளம் விழுந்தது. பழைய பருத்திப் பனியனும் லுங்கியும்தான் எங்கள் ஸ்டுடியோ உடை. நாற்காலி கிரீச்சிடும், மரப்பலகை மனையில் உட்காருங்கள். மூக்கால் மூச்சு விடும் சத்தம் மைக்கில் விழுந்தால் மைக்கை இரண்டு அங்குலம் கீழே இறக்குங்கள். டெல்டா ஈரப்பதத்தில் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும், எனவே வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடைத்துப் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். ஃபேனை நிறுத்தியதும் அறை சூடேறி சுருதி மாறும். இரண்டு டேக்குக்கு ஒருமுறை சுருதி பார்த்தே ஆக வேண்டும்.

எலக்ட்ரிக் கிதாருக்குச் சின்ன ஆம்ப் போதும். அதைத் தரையில் வைக்காமல் மனை மேல் வைத்து, டைனமிக் மைக்கை ஸ்பீக்கர் துணியைத் தொடுகிற அளவுக்கு நெருக்கி, நடுவிலிருந்து ஓரிரு அங்குலம் ஓரமாகத் தள்ளுங்கள். நடுவில் வைத்தால் கூர்மை அதிகம், ஓரம் போகப் போக மென்மை. ஆம்ப் இல்லையா? கிதாரை நேராக இன்டர்ஃபேஸில் சொருகி, நியூரல் ஆம்ப் மாடலர் மாதிரி இலவச மென்பொருளில் ஆம்ப் ஒலியைச் சேர்க்கலாம். பேஸ் கிதாரை நாங்கள் எப்போதுமே நேராகத்தான் சொருகினோம்.

டிரம்ஸ். எங்கள் டிரம்மர் தவில் குடும்பத்துப் பிள்ளை. தெரு முழுக்கக் கேட்க வேண்டும் என்று சின்ன வயதிலிருந்து பழகிய கை. மெதுவாக வாசிக்க அவனுக்கு மூன்று மாதம் பிடித்தது, ஆனால் அந்தக் கையின் கட்டுப்பாடு வேறு யாரிடமும் நான் பார்த்ததில்லை. குச்சிக்குப் பதில் பிரஷ். ஸ்னேர் டிரம் மேல் பாதி மூடுகிறபடி ஒரு ஈரிழைத் துண்டு. பேஸ் டிரம்முக்குள் தலையணை. இரண்டே மைக்: ஒன்று டிரம்மரின் வலது தோளுக்கு மேலிருந்து செட் முழுவதையும் பார்க்க, இன்னொன்று பேஸ் டிரம்முக்கு. மெதுவான இசைக்கு இதற்கு மேல் மைக் வைத்தால் ஒன்றின் ஒலியை ஒன்று குலைக்கத்தான் செய்யும்.

குரலுக்கு நேரம் ஒதுக்குங்கள்

ஒரு பாட்டுக்கு ஒரு ராத்திரி என்று வைத்துக்கொண்டோம். நாலு டேக்குக்கு மேல் பாட வேண்டாம். ஐந்தாவதில் களைப்பு கேட்க ஆரம்பித்துவிடும்.

மைக்குக்கு ஒரு ஜாண் தூரத்துக்கும் குறைவாக, நாலைந்து அங்குலத்தில் நின்று பாடும்போது குரலுக்குத் தானாகவே ஒரு கனம் வரும். கார்டியாய்ட் மைக்கின் இயல்பு அது, மெல்லிய குரலுக்கு நல்ல துணை. கனம் மிஞ்சினால் பிறகு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடலாம். ஆனால் அவ்வளவு கிட்டே நிற்கும்போது தமிழில் ‘ப்ப’ ஒவ்வொன்றும் வெடிக்கும். எங்கள் பாட்டொன்றில் ‘அப்பா எப்போ வருவார்’ என்று ஒரு வரி. முதல் நாள் அந்த ஒரு வரிக்கே இரண்டு மணி நேரம் போனது. எம்ப்ராய்டரி வளையத்தில் பழைய நைலான் சாக்ஸை இரண்டு மடிப்பாக இழுத்துக் கட்டி மைக்குக்கு முன்னால் வைத்தோம். கூடவே மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் மூக்கு உயரத்திலிருந்து கீழ்நோக்கிச் சாய்த்தோம். காற்று மைக்குக்குக் கீழே போய்விட்டது, வெடிப்பும் போனது.

இன்னொன்றையும் தமிழில் பாடுகிறவர்கள் கவனிக்க வேண்டும். மெதுவாகப் பாடும்போது சொல்லின் வாலை விழுங்கிவிடுகிறோம். நம் மொழியில் பொருள் வாலில்தான் இருக்கிறது. வந்தேனா, வந்தானா, வந்தாளா என்பது கடைசி அசையில்தான் தெரியும். என் தங்கை முதல் கலவையைக் கேட்டுவிட்டு, “யார் போனாங்கன்னே புரியலண்ணா” என்றாள். போனது பாட்டில் வரும் அம்மா. ‘போனாள்’ என்பதில் ‘ள்’ காணாமல் போயிருந்தது. பாட்டே அந்த ஒரு எழுத்தில் நிற்கிறது. மறுபடி பாடினோம். சத்தத்தைக் கூட்டவில்லை, நாக்கை மட்டும் முழுக்க மடக்கச் சொன்னேன். அதிலிருந்து ஒவ்வொரு டேக்கையும் பாட்டு வரிகள் தெரியாத ஒருவரைக் கேட்கவைத்து, காதில் விழுந்ததைச் சொல்லச் சொல்லிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போனோம். இந்த ஒரு படியை மட்டும் தாண்டிவிடாதீர்கள்.

மிக்ஸிங்

இதில் நான் நீட்டப் போவதில்லை. பதிவு சுத்தமாக இருந்தால் மெதுவான ஆல்பத்துக்கு மிக்ஸிங்கில் வேலை குறைவு. சத்தம் நீக்கும் பிளக்-இன்னை முழுப் பாட்டுக்கும் போடாதீர்கள். மூச்சையும் கம்பியின் முடிவையும் அது தின்றுவிடும், குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகும். வார்த்தைக்கு வார்த்தை சத்தத்தைக் கையால் ஏற்றி இறக்குவதுதான் நல்ல வழி, நேரம் பிடித்தாலும். இரண்டு மைக்கில் எடுத்ததை மோனோவில் ஒருமுறை கேளுங்கள். ஒலி மெலிந்துவிட்டால் ஒன்றின் ஃபேஸை (ஒலி அலையை) தலைகீழாக மாற்றிப் பாருங்கள். பிறகு போன் ஸ்பீக்கரில், டி.வி.யில், யாராவது நண்பரின் காரில் கேளுங்கள்.

கடைசியில் எல்லாவற்றையும் நசுக்கிச் சத்தத்தை ஏற்றும் ஆசை வரும். தேவையே இல்லை. ஸ்பாட்டிஃபை பொதுவாக எல்லாப் பாட்டையும் மைனஸ் 14 எல்.யூ.எஃப்.எஸ். (காதுக்குத் தெரியும் சத்தத்தின் அளவுகோல்) அளவுக்குச் சமப்படுத்துகிறது. சத்தமாக இருப்பதைக் குறைக்கும், மெதுவாக இருப்பதை இடம் இருக்கும் வரை ஏற்றும். ஆல்பமாகக் கேட்கும்போது பாட்டுக்குப் பாட்டு நீங்கள் வைத்த ஏற்ற இறக்கத்தை மாற்றாமல் விடுகிறது. உச்சத்தை மைனஸ் 1 டெசிபெல்லில் நிறுத்திவிட்டு மற்றதைத் தொடாதீர்கள்.

எங்கள் ஏழாவது பாட்டில் தவளை இருக்கிறது. தூக்கிப் போட்ட அந்த ஆறு மாதத்தில் ஒரு கார்த்திகை ராத்திரி, மழை விட்ட பிறகு எடுத்த டேக்கில் இதை மட்டும் வைத்துக்கொண்டோம். பாட்டு மழை நின்ற இரவைப் பற்றியது, தவளை எங்கள் சுருதியை எங்கும் இடிக்கவில்லை. தெரிந்து வைத்துக்கொண்ட சத்தம் பாட்டோடு சேரும். தெரியாமல் நுழைந்தது உறுத்தும்.

வெளியிடுவதற்கு முன்

முதலில் நாலு பேரும் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்: எந்தப் பாட்டின் வரிகள் யாருடையவை, மெட்டு யாருடையது, பதிவு யாருக்குச் சொந்தம், வருமானம் எப்படிப் பிரியும். 1957ஆம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டத்தில் பாடல் வரி, இசை, ஒலிப்பதிவு மூன்றும் தனித்தனி உரிமை. நட்பு நன்றாக இருக்கும்போதே எழுதிவிடுவது நல்லது. பாட்டெழுதுகிறவரும் இசையமைப்பவரும் 1969லிருந்து இயங்கும் ஐ.பி.ஆர்.எஸ். சங்கத்தில் உறுப்பினராகச் சேரலாம். பாட்டு பொது இடங்களில் ஒலிபரப்பாகும்போது வரவேண்டிய பங்கை அது வசூலித்துத் தரும்.

ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக் போன்றவற்றுக்கு டிஸ்ட்ரிபியூட்டர் வழியாகத்தான் அனுப்ப வேண்டும். டிஸ்ட்ரோகிட், டியூன்கோர் மாதிரி. ஒவ்வொரு பாட்டுக்கும் எழுத்தும் எண்ணுமாக 12 இடம் கொண்ட, அந்தப் பதிவை அடையாளம் காட்டும் ஐ.எஸ்.ஆர்.சி. குறியீட்டை அவர்களே தருவார்கள், அதை நோட்டில் எழுதி வையுங்கள். இசை விற்கும் தளமான பேண்ட்கேம்பில் நீங்களே நேரடியாக ஏற்றலாம், டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதம் எடுத்துக்கொள்வார்கள். அட்டைப் படம் 3000க்கு 3000 பிக்சல் சதுரம். பாட்டின் பெயரைத் தமிழிலேயே போடுங்கள், எல்லாப் பாட்டிலும் குழுவின் பெயர் ஒரே எழுத்துக்கூட்டலில் இருக்கட்டும். ஒரு புள்ளி மாறினாலும் வேறு குழு என்று தனிப் பக்கம் உருவாகிவிடும். குறைந்தது நாலு வாரம் முன்னதாக அனுப்புங்கள்.

பங்களித்தவர்கள் பட்டியலையும் அப்போதே எழுதிவிடுங்கள். யார் வாசித்தது, யார் மெத்தை கொடுத்தது, யார் ராத்திரி இரண்டு மணிக்கு டீ போட்டது எல்லாமே. எங்கள் பட்டியலில் சித்தப்பாவின் பெயருக்கு எதிரே ‘மோட்டார்’ என்று போட்டிருக்கிறோம். ஆல்பம் வெளிவந்த அன்று பென் டிரைவில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். டிராக்டரில் சொருகி, இன்ஜினை அணைத்துவிட்டு, முதல் பாட்டை முழுக்கக் கேட்டார்.